தீவுகளுக்கு ஒரு புத்தகப் படகு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதத்தில் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான எங்கள் நெடுந்தீவுக்கும் யாராவது புத்தகப் பெட்டியோடு வருவார்கள். நல்ல மனதோடுதான் வருகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பெட்டியை ஒப்படைத்துப் படம் எடுத்துக்கொண்டால் அத்தோடு சரி. அந்தப் புத்தகங்களை வாசித்து முடித்த பிள்ளை அடுத்தது கேட்டால் கொடுக்க எதுவும் இருக்காது. பெட்டியில் பாதி பரீட்சை வழிகாட்டிகள். மிச்சமும் இரண்டு மாரிகாலம் போனால் உப்புக்காற்றிலும் கறையானிலும் பழுதாகிவிடும்.

இந்தத் தீவில் பல வருடம் படிப்பித்தவள் என்ற முறையில் கேட்கிறேன்: எங்களுக்குத் தேவை, சொன்ன நாளில் திரும்பத் திரும்ப வரும் நூலகம். வாசித்ததை வாங்கிக்கொண்டு புதியதைத் தர வேண்டும். போன முறை யார் என்ன எடுத்தார்கள் என்று நினைவு வைத்திருக்கும் ஒரு நூலகர் கூடவே வர வேண்டும்.

நோர்வேயின் மேற்குக் கரையில் இதைச் செய்து காட்டினார்கள். 'எபோஸ்' என்ற கப்பலை 1963இல் மிதக்கும் நூலகமாகவே கட்டினார்கள். சுமார் 6,000 புத்தகங்களோடு, குளிரும் இருட்டுமான மாதங்களில், மலைகளுக்கு இடையே நுழையும் கடல்வழிகளிலும் சின்னஞ்சிறு தீவுகளிலும் அது துறை துறையாக நின்று போகும். நூலகர்களோடு பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்தும் கலைஞர்களும் போனார்கள். ஒரு ஊருக்கு வருடத்தில் இரண்டு தடவைதான் வரும். ஆனால் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், அதுதான் பெரிய விஷயம். அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய சேவை, அரசு நிதி நின்றதும் 2020இல் நின்றுபோனது. அதனால்தான் நாங்கள் தொடங்குவதாக இருந்தால் நன்கொடையை மட்டும் நம்பித் தொடங்கக் கூடாது என்கிறேன்.

எங்களுக்குக் கப்பல் கட்டத் தேவையில்லை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் பயணிகள் படகு இருக்கிறது. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து இருக்கிறது. தண்ணீர் புகாத மூடியுள்ள பெட்டிகளில் நான்கு தொகுதி புத்தகங்களை அடுக்கி, தீவுக்கு ஒன்றாக அனுப்பினால் போதும். மாதம் ஒருமுறை நூலகர் வந்து, இங்கிருக்கும் தொகுதியை எடுத்துக்கொண்டு அடுத்த தீவிலிருந்து வந்ததை வைத்துவிட்டுப் போகலாம். ஒரே புத்தகத்தை நான்கு தீவுப் பிள்ளைகளும் வாசித்துவிடுவார்கள். சோழகக் காற்று இரைந்து அடிக்கும் நாட்களிலும் மாரியிலும் படகு ஓடாமல் போகலாம். அதனால் புத்தகம் திரும்பப் பிந்தினால் தண்டப்பணம் கேட்காமல் விட்டால் சரி.

வாசகர் என்றதும் பள்ளிப் பிள்ளைகளை மட்டும் நினைக்கிறோம். வாசிகசாலையில் பேப்பர் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வீட்டிலிருக்கும் பெண்கள், முக்கியமாகப் பிள்ளைகள் வெளிநாடு போய்த் தனியாக இருக்கும் அம்மாமார், ஒரு நாவல் கிடைத்தால் கைமாற்றிக் கைமாற்றி அட்டை கிழியும் வரை வாசிக்கிறார்கள். அவர்களிடம் ஒருவரும் என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்டதில்லை. அந்தப் படகில் வரும் நூலகர் முதலில் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கைபேசி இருக்கிறதே என்பார்கள். 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, அதை நானும் பயன்படுத்துகிறேன். ஆராய்ச்சிக்கும் பழைய சஞ்சிகைகளுக்கும் அதைவிடச் சிறந்த இடம் இல்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்குப் படக்கதையைக் கையில் கொடுத்துப் பக்கம் புரட்ட விட வேண்டும். எழுத்து சின்னதாகத் தெரியும் எழுபது வயது அம்மாவுக்கும் திரை உதவாது.

நெடுந்தீவுக்குத் தனிப் பிரதேச சபை உண்டு. நயினாதீவு வேலணைச் சபைக்குள்ளும், அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறைச் சபைக்குள்ளும் வருகின்றன. பொது நூலகம் நடத்துவது சபைகளின் கடமைகளில் ஒன்று. தனித்தனியே ஒரு நூலகரை அமர்த்த அவர்களால் முடியாமல் இருக்கலாம். மூன்று சபைகளும் சேர்ந்தால் ஒருவருக்குச் சம்பளமும் பெட்டிகளுக்குப் படகுக் கூலியும் கொடுக்கலாம். மாகாண உள்ளூராட்சித் திணைக்களம் அவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். புலம்பெயர்ந்த எங்கள் ஊர்ச் சங்கங்கள் புத்தகம் வாங்கித் தரட்டும். பெட்டி அனுப்புவதற்கு முன் எந்தப் புத்தகம் வேண்டும் என்று எங்களிடம் ஒரு பட்டியல் கேட்டால் இன்னும் நல்லது. சம்பளமும் படகுக் கூலியும் மட்டும் சபைகளின் வருடாந்த வரவு செலவுத் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

அடுத்த வருடத்துக்கான திட்டத்தைச் சபைகள் டிசம்பருக்குள் நிறைவேற்றிவிடும். அதற்கு முன் இதைப் பேசி முடித்தால், மாரி ஓய்ந்து கடல் அமைதியாகும் பெப்ரவரியில் முதல் சுற்றைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
நெடுந்தீவு.