அந்தப் ‘போதும்’ என்ற சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் முன்னாள் ராணுவத்தினரின் ஓய்வூதியம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதன் கடைசிப் பத்தியில், “மனநலப் பாதிப்புக்கும் டிசெபிலிட்டி பென்ஷன் (உடல், மனக் குறைபாட்டுக்கான ஓய்வூதியம்) உண்டு, ராணுவப் பணியால்தான் வந்தது என்பதற்கு உரிய சான்றை இணைத்தால் போதும்” என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் ‘போதும்’ மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

என் வீட்டுக்காரர் 1985-ல் ராணுவத்தில் சாப்பராகச் சேர்ந்தார். கண்ணிவெடி அகற்றுகிற வேலை. 1987 அக்டோபரில், இலங்கைக்குப் போய்ப் புலிகளோடு சண்டையில் இறங்கிய இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். வட இந்திய பட்டாலியன் ஒன்றோடு இணைத்து அனுப்பியிருந்தார்கள். அங்கே தமிழ் தெரிந்த ஆள் இவர்தான் என்பதால், வீடு வீடாகச் சோதனை போடும்போது மொழிபெயர்க்கவும் இவரையே முன்னால் நிறுத்தினார்கள். எங்களுக்குக் கல்யாணமான ஆறாம் மாதம், ஒரே ஒரு தடவை அதைச் சொன்னார். ஒரு வீட்டுத் திண்ணையில் வயதான அம்மா ஒருவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, எங்கட பொடியன் படிக்கிற பிள்ளை எண்டு அவையளுக்குச் சொல்லுங்கோ” என்றாராம். இவர் இந்தியில் சொன்னாராம். பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துச் சாப்பர்களைப் படையில் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவது வழக்கம். இன்றைக்கும் பால்காரர் வாசலில் நின்று “தம்பி” என்று குரல் கொடுத்தால் அன்றைக்கு முழுக்க இவர் சாப்பிடமாட்டார். ஐயா, இதை எந்தப் படிவத்தோடு இணைப்பது?

இன்னொரு நாள், ஐந்தடி முன்னால் போன நண்பர் கண்ணிவெடியில் செத்தார். இவர் மேல் ஒரு கீறல்கூட இல்லை. காயம் இல்லாததால் ஆஸ்பத்திரிக் காகிதமும் இல்லை. இப்போதும் வயலுக்குப் போனால் வரப்பில் நான் முன்னால் நடக்க வேண்டும். நான் கால் வைத்த இடத்தில் மட்டும்தான் அவர் கால் வைப்பார். முப்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் நடக்கிறோம்.

1993-ல், சண்டையே இல்லாத பீஸ் ஸ்டேஷனில் இருந்தபோது, தூக்கம் போய், குடி வந்து, வேலைக்கு லாயக்கில்லாதவர் ஆனார். மெடிக்கல் போர்டு, அதாவது ராணுவ மருத்துவர் குழு, ‘நியூரோசிஸ்’ (ஒருவகை மனநோய்) என்று எழுதியது. பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய்) என்ற பெயரையே அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-ல்தான் தங்கள் கையேட்டில் சேர்த்தார்கள் என்று பிறகு படித்தேன். எங்கள் போர்டு அதை எழுதாததில் எனக்கு வருத்தம் இல்லை. அடுத்த வரியில்தான் வருத்தம்: பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல, ‘கான்ஸ்டிட்யூஷனல்’, அதாவது உடம்போடு பிறந்தது. எட்டு வருஷ சர்வீஸ் என்பதால் சாதாரண பென்ஷனும் கிடையாது. கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

உடம்போடு பிறந்தது என்றால் 1985-ல் ஆரோக்கியமானவர் என்று எழுதி எடுத்தது யார்? நான் மட்டும் கேட்கவில்லை. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது: சேரும்போது நோய்க்குறிப்பு இல்லையென்றால் நல்ல உடம்போடு சேர்ந்தார் என்றுதான் கொள்ள வேண்டும், நிரூபிக்கும் பாரம் வீரர் மேல் இல்லை. ஆனால் 2019-ல் நர்சிங் யாதவ் வழக்கில், மனநோயைச் சேர்க்கும்போதே கண்டுபிடிக்க முடியாது, அதனால் அந்த அனுமானம் தானாகப் பொருந்தாது என்றும் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் ‘போதும்’ என்று எழுதினீர்களே என்பதுதான் என் மனத்தாங்கல்.

சரி, சான்று கேட்டோம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுதான் வைத்திருப்பார்களாம், அதற்குப் பிறகு அழித்துவிடுவார்களாம். எங்களுடையதும் அழிந்துவிட்டது என்று பதில் வந்தது. அழித்ததும் அவர்களே, கொண்டுவா என்று கேட்பதும் அவர்களே. எங்களிடம் மிஞ்சியது ட்ரங்க் பெட்டியில் இருந்த டிஸ்சார்ஜ் புத்தகமும், வெளிநாட்டுப் பணிக்குக் கொடுக்கும் விதேஷ் சேவா மெடலும்தான். அங்கே போனார் என்பதற்கு அவை சாட்சி. அங்கிருந்து என்ன கொண்டுவந்தார் என்பதற்கு?

இவ்வளவுக்கும் இவர் திரும்பிய காலம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1990 மார்ச்சில் அமைதிப்படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் வரவேற்கப் போகவில்லை. ஊர்க் கிணற்றடியில் “நம்ம சனத்தையே சுட்டவன்” என்றார்கள். என்னைப் பெண் பார்க்க வந்து பேசிய நாளில் என் சித்தப்பாவும் அதைத்தான் சொன்னார். அந்த மண்ணில் ஏறத்தாழ 1,200 பேர் செத்தார்கள். நீங்கள் ஆண்டுதோறும் ஜூலை 26-ல் கார்கிலுக்குச் சிறப்புப் பக்கம் போடுகிறீர்கள், நானே எடுத்து வைத்துப் படிக்கிறேன். மூன்று நாள் கழித்து 29-ம் தேதி வருகிறது, 1987-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான நாள். இத்தனை வருஷ சந்தாதாரர் நான், அதற்கு அரைப்பக்கம் பார்த்த ஞாபகம் இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அந்த வரியைத் திருத்தி, ஒரு சின்னக் கட்டத்துக்குள் இதைப் போடுங்கள்: பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்கள் 25 வருஷம் முடிவதற்குள் மெடிக்கல் போர்டு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும், கூட இருந்த தோழர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இவருக்காக எழுதித் தருகிறேன் என்று சொன்ன ஒரே மனிதர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இங்ஙனம்,
முன்னாள் சாப்பர் ஒருவரின் மனைவி,
வேலூர் மாவட்டம்.