நால்வரின் பெயர்களும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் 2021 டிசம்பர் 8 அன்று நிகழ்ந்த ஹெலிகாப்டர் விபத்தின் நினைவு நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத், அவருடைய துணைவியார் ஆகியோரின் பெயர்கள் இருந்தன. மற்றவர்கள் 'உள்ளிட்டோர்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள். அந்த ஹெலிகாப்டர் கோவையை அடுத்த எங்கள் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பியது. அதை இயக்கிச் சென்றவர்கள் நால்வர்: சூலூர் 109ஆவது ஹெலிகாப்டர் பிரிவின் தலைவரான விங் கமாண்டர் பிரித்வி சிங் சௌகான், ஸ்குவாட்ரன் லீடர் குல்தீப் சிங், ஜூனியர் வாரண்ட் ஆபீசர்கள் ராணா பிரதாப் தாஸ், பிரதீப்.

மறுநாள் உடல்கள் வெலிங்டனிலிருந்து ஆம்புலன்ஸ்களில் மலையிறங்கி, மேட்டுப்பாளையம் வழியாகச் சூலூருக்கு வந்தன. தறியை நிறுத்திவிட்டு, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் என் தாயார் சாலையோரம் வந்து நின்றார். மடியில் கட்டி வந்த செவ்வந்தி ஐந்தாறு வண்டிகளுக்குள் தீர்ந்துபோக, மற்ற வண்டிகளை வெறுங்கையால் கும்பிட்டார். எந்த வண்டியில் யார் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. "யாரு பெத்த மக்களோ, சாமி" என்று மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இன்றும் என் காதில் நிற்கிறது.

இது ஒருநாள் துயரமும் அல்ல. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் புறப்பட்டு வங்கக் கடலில் மறைந்த ஏ.என்.-32 என்ற விமானப்படைப் போக்குவரத்து விமானம், சூலூரில் உள்ள 33ஆவது படைப்பிரிவைச் சேர்ந்தது. அதன் சிதைவுகள் சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்ட செய்தி 2024 ஜனவரியில்தான் வெளிவந்தது. அந்தக் குடும்பங்கள் ஏழாண்டுகளுக்கும் மேலாக எதை நம்பிக் காத்திருந்தன என்பதை நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது.

போரில் மாண்டால் தியாகம், மற்ற நாளில் மாண்டால் விபத்து என்று பிரித்துப் பேசுவோர் உண்டு. எனக்கு அது ஏற்புடையதன்று. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் பாகிஸ்தானின் ஆறு சேபர் போர் விமானங்களைத் தனியொருவராக எதிர்த்து உயிர்நீத்து, விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்கர விருதைப் பெற்றவர் நிர்மல்ஜித் சிங் செக்கோன். அவருடைய 18ஆவது படைப்பிரிவு 2020 மே மாதம் சூலூரில்தான் உள்நாட்டுத் தயாரிப்பான தேஜஸ் போர் விமானங்களுடன் மீண்டும் தொடங்கப்பட்டது. போர் வரும் நாளில் அப்படியொருவர் எழுந்து நிற்க வேண்டுமானால், அமைதிக் காலத்தில் அவர்கள் ஓயாமல் பறந்தாக வேண்டும்; அந்தப் பறத்தலில் போகும் உயிரும் நம் விடுதலையைக் காக்கப் போகும் உயிரே.

ஆகவே, சூலூரிலிருந்து பறந்து சென்று திரும்பாத விமானிகள், பொறியாளர்கள், உடன் பணியாற்றியோர் அனைவரின் பெயர்களையும் தமிழில் பொறித்து, பேருந்து நிலையத்தருகே மக்கள் கண்ணில் படும்படி ஒரு கல்வெட்டு வைக்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். அடுத்த டிசம்பர் 8 அன்று தங்கள் நாளிதழும் அந்த நால்வரின் பெயர்களை முழுமையாக வெளியிட வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் தாயாருக்கு நானே அதைப் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காங்கயம்பாளையம், சூலூர் வட்டம்.