அட்டைப்பெட்டியில் 525 மடங்கு!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய தொலைநோக்கிகளின் பெட்டி மேல் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். கணக்கு சரிதான். 700 மி.மீ. குவியத்தூரம் (முன் லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம்) உள்ள கருவியில் 4 மி.மீ. ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ், போட்டால் 700-ஐ 4-ஆல் வகுத்து 175 மடங்கு. உருப்பெருக்கத்தை மும்மடங்காக்கும் ‘3 மடங்கு பார்லோ’ என்ற இடைலென்ஸும் சேர்ந்தால் 525. ஆனால் முன் லென்ஸின் விட்டம் எத்தனை மி.மீட்டரோ, அதன் இரு மடங்குதான் உருப்பெருக்கத்தின் உச்சவரம்பு. 70 மி.மீ. கருவிக்கு 140; அதுவும் காற்று அலையாத இரவில். அதற்கு மேல் போனால் வியாழன் பெரிதாகும், அதன் பட்டைகள் காணாமல் போகும்.

அந்த 4 மி.மீ. ஐபீஸில் ‘எஸ்.ஆர்.’ அல்லது ‘எச்’ என்ற பழைய வகைக் குறி பொறித்திருந்தால் உள்ளே இரண்டே லென்ஸ். எட்டிப்பார்க்கும் கண்ணாடி அவ்வளவு சிறியது, இமைமுடி அதில் உரசும். ஒதுக்கிவிடலாம். கூட வரும் 25 மி.மீ. கெல்னர் வகை ஐபீஸ் சுமாராக இருந்தாலும் எஃப்/10 கருவிக்கு, அதாவது குவியத்தூரம் விட்டத்தைப்போல் 10 மடங்கு உள்ள கருவிக்கு, போதும். எஃப்/5 என்றால் ஓரத்து நட்சத்திரங்கள் இழுபடும்.

வாங்குவதாக இருந்தால் 15 மி.மீ. பிளாஸ்ல் வகை ஐபீஸ் ஒன்று, 2 மடங்கு பார்லோ ஒன்று. கையில் உள்ள 25-உடன் சேர்த்து அதே 700 மி.மீ. கருவியில் 28, 47, 56, 93 மடங்கு என நான்கு உருப்பெருக்கங்கள் கிடைத்துவிடும். 20 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்களை வாங்கி 2 மடங்கு பார்லோ போடுவது வீண். 20 பார்லோவில் 10 ஆகிவிடும், ஒரே அளவு இரண்டு முறை. 6 மி.மீ. பிளாஸ்லும் வேண்டாம், கண்ணை ஏறக்குறைய ஒட்டவைக்க வேண்டியிருக்கும். 40 மி.மீ. ஆசையும் வேண்டாம்: ஐபீஸைச் செருகும் 31.7 மி.மீ. குழாயில் அது 32 மி.மீ. பிளாஸ்ல் காட்டுவதைவிட அதிக வானத்தைக் காட்டாது. குழாய் அளவை வாங்கும் முன்பே ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய, மலிவுக் கருவிகள் சிலவற்றில் 24.5 மி.மீ. துளைதான், 31.7 உள்ளே போகாது.

பெட்டிக்குள் ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று ‘சன்’ என்ற பெயரோடு இருந்தால், குழந்தைகள் கையில் படும் முன் உடைத்துப் போடுங்கள். சூரிய வெப்பம் குவியும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது உட்காருகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரிய வடிகட்டி தொலைநோக்கியின் முன்வாயை முழுதாக மூட வேண்டும்.

இப்படிக்கு,
வானம் பார்க்கும் வாசகர்