காசில நின்ன ஃபிளைட்டு பறக்குறத என் கண்ணால பாத்தேன்

ஆசிரியர் அண்ணாச்சிக்கு பாளையங்கோட்டைல இருந்து வணக்கம்.

கயத்தாறு பக்கம் ரெண்டாம் உலகப்போர் நேரத்துல வெள்ளைக்காரன் போட்ட பழைய விமானதளம் கெடக்குல்லா, அது திரும்பவும் பயன்பாட்டுக்கு வரும்னு அப்பப்ப செய்தி வருது. அதப் படிக்கும்போதெல்லாம், அந்தப் போர்ல பறந்து பெறவு காசில பல வருசம் நின்ன ஒரு சண்டை ஃபிளைட்டு திரும்பப் பறக்குறத இங்கிலாந்துல பாத்த கதைய உங்களுக்கு எழுதணும்னு தோணிக்கிட்டே இருந்தது, இன்னைக்குத்தான் உக்காந்து டைப் பண்ணுதேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கிடுங்க.

நான் அரசு பஸ் டிப்போவுல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவன். எம் மவ இங்கிலாந்துல பெட்ஃபோர்டுங்கிற ஊர்ல நர்ஸா இருக்கா. பேரப்பிள்ளைய பாக்க நானும் வீட்டுக்காரியும் அங்க போயிருந்தப்ப, "மாமா, உங்களுக்கு இன்ஜின்னா உசுரு, பக்கத்துல ஓல்ட் வார்டன்ல பழைய ஃபிளைட்டெல்லாம் பறக்க விடுதாவ, வாங்க போவோம்"னு மருமவன் கூட்டிட்டுப் போனாரு. ஷட்டில்வொர்த் கலெக்‌ஷன்னு பேரு. ரன்வேன்னா தார் போட்டது கெடையாது, வெறும் புல்லுத்தரை, சுத்திலும் வயக்காடு. 1909ல செஞ்ச ப்ளேரியோ ஃபிளைட்ட கூட அதுல ஏற்கனவே இருந்த அதே இன்ஜினோட ஓடுற நெலமைல வச்சிருக்காவ. கோடைகாலத்துல அங்க ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்குமா, அதனால சாயங்காலமே ஏர்ஷோ வைக்காவ, காத்தும் அப்ப அடங்கிரும். காத்து கூடுதலா இருந்தா ரொம்ப பழசுகள வெளிய எடுக்கவே மாட்டாவளாம். நம்ம ஊரு ஆனி ஆடிக் காத்துல அதுக பாடு கஷ்டந்தான்.

அங்கதான் அந்த ஹரிக்கேன பாத்தேன், ரெண்டாம் உலகப்போர்ல வெள்ளைக்காரன் ஓட்டுன சண்டை ஃபிளைட்டு. ஆர்4118ங்கிறது அதோட நம்பர். பக்கவாட்டுல யூபி-டபிள்யூன்னு பெருசா எழுதியிருக்கும். இதோட கதைய மருமவன் போன்ல படிச்சு சொல்லச் சொல்ல எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. 1940ல ஜெர்மன்காரன் லண்டன் மேல குண்டு போட்டுக்கிட்டிருந்தப்ப லண்டன் பக்கத்துல உள்ள குராய்டன் தளத்துல இருந்து 49 தடவ சண்டைக்குப் போயி அஞ்சு எதிரி ஃபிளைட்ட சுட்டு வீழ்த்துனது. 1943 கடைசியில கப்பல்ல ஏத்தி நம்ம நாட்டுக்கு அனுப்பிட்டாவ. சண்டை முடிஞ்ச பெறவு 1947ல காசி இந்து பல்கலைக்கழகத்துக்கு, இன்ஜினியரிங் பிள்ளைக பாத்துப் படிக்கட்டும்னு குடுத்துட்டாவ. அங்கன வெயில்லயும் மழையிலயும் செடிகொடிக்கு நடுவுல வருசக்கணக்கா நின்னுருக்கு. 1982ல பீட்டர் வாச்சர்னு ஒரு இங்கிலீஷ்காரர் அத பாத்துட்டு, விடாம வருசக்கணக்கா எழுதியும் பேசியும் 2001ல ஊருக்குக் கொண்டு போயி, ஒவ்வொரு பாகமா பிரிச்சு சரிபண்ணி 2004 டிசம்பர்ல திரும்ப வானத்துல ஏத்திட்டாரு. 1940ல அத ஓட்டுன பாப் ஃபாஸ்டர்ங்கிற பைலட்டு வயசான காலத்துல அதே ஃபிளைட்ட திரும்பவும் பாத்துருக்காரு, அந்த மனுசனுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இப்படி நம்மகிட்ட இருந்தத வெளிநாட்டுக்கு விட்டுட்டோமேன்னு சில பேரு வருத்தப்படுதாவ. எனக்கு அப்படித் தோணல. சண்டை முடிஞ்சதும் எத்தனையோ ஃபிளைட்ட பழைய இரும்பு வெலைக்கு உடைச்சுப் போட்டுட்டாவ, காசில உள்ளவங்க உடைக்காம, பார்ட்ஸ அங்க இங்க மாத்தாம வச்சிருந்ததாலதான் அது இன்னைக்கு பறக்குது. அந்தப் பெருமை நமக்கும் உண்டு.

ஷோவுக்கு முன்னாடி ஃபிளைட்டு நிக்கிற வரிசைக்குப் பக்கத்துல போய்ப் பாக்க விட்டாவ. முன்பாதி தகரம், பின்பாதி துணி, நெசமாவே துணிதான். உள்ள இரும்புக்குழாய் ஃபிரேம், அதுக்கு மேல மரச்சட்டம், அதுக்கு மேல துணிய இழுத்துக் கட்டி ஒரு மருந்து அடிச்சு முறுக்கேத்தி பெயின்ட் பண்ணிருக்கு. சாயங்கால வெயில் சாய்வா விழும்போது அந்தச் சட்டத்தோட வரியெல்லாம் துணிக்கு மேல வரிசையா எடுத்துக் காட்டுது. இத வச்சுக்கிட்டா குண்டுமழைக்குள்ள போனாங்கன்னு நெனைச்சேன். ஆனா அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, துணியில குண்டு பட்டா ஓட்டை விழுந்து அந்தப்பக்கமா போயிரும், ஒட்டுப் போட்டு மறுநாளே கிளப்பிரலாம். அதே காலத்து இன்னொரு சண்டை ஃபிளைட்டு ஸ்பிட்ஃபயருக்குத்தான் ஊரெல்லாம் பேரு, ஆனா அந்தச் சண்டையில எதிரிய கூடுதலா விழுத்தாட்டுனது ஹரிக்கேன்தான். ஒர்க்‌ஷாப்புல நின்ன ஆளுக்கு இது உடனே புரிஞ்சிரும், சீக்கிரம் ரிப்பேர் பண்ண முடியிற வண்டிதான் ரூட்டுக்குப் போகும்.

பெறவு ஸ்டார்ட் பண்ணாவ. ஒருத்தர் தீயணைக்கிற சிலிண்டரோட பக்கத்துல நின்னாரு. ப்ரொப்பல்லர் மெதுவா ஒரு சுத்து, ரெண்டு சுத்து, ஒரு இருமல், பெறவு ரெண்டு பக்கமும் வெள்ளைப்புகைய கக்கிக்கிட்டு புடிச்சுது பாருங்க, பின்னாடி இருந்த புல்லு பூராவும் தரையோட தரையா படுத்துட்டு. மெர்லின் இன்ஜின், 12 சிலிண்டர், 27 லிட்டர். நான் காலம்பூரா மல்லுக்கட்டுன பஸ் இன்ஜின் ஆறு லிட்டர் சொச்சம்தான். சைலன்ஸர் கெடையாது, ரெண்டு சிலிண்டருக்கு ஒரு குட்டைப் பைப்புன்னு பக்கத்துக்கு மூணு, அவ்வளவுதான். ஐடிலிங்ல ஒவ்வொரு வெடியும் தனித்தனியா காதுல விழும், ஆக்ஸிலேட்டர் கூடக்கூட அது எல்லாம் ஒண்ணாச் சேந்து நெஞ்சுக்கூட்டுக்குள்ள வந்து அதிரும். மூக்கு ஒசந்து நிக்கிறதால பைலட்டுக்கு நேர் முன்னாடி தெரியாது, அதனால எஸ் போட்டு எஸ் போட்டு ஓட்டிட்டுப் போனாரு. வால் மொதல்ல எந்திரிச்சுது, பெறவு கொஞ்ச தூரத்துலயே தரைய விட்டுட்டு, சக்கரம் ரெண்டும் உள்பக்கமா மடிஞ்சு போச்சு. திரும்பி வந்து எங்களுக்கு முன்னாடி தாழ ஒரு பக்கமா சாஞ்சு போனப்ப மேல்பக்கம் பூராவும் தெரிஞ்சுது, பச்சையும் காப்பிக்கலரும். குத்தாலத்துல சீசன் நேரம் மெயினருவிய பழைய பஸ் ஸ்டாண்டு கிட்ட இருந்தே கேக்கலாம்லா, அந்த மாதிரி கண்ணுக்குத் தெரியிறதுக்கு முன்னாடியே சத்தம் வந்துருது. எம் வீட்டுக்காரி, ஃபிளைட்டுன்னாலே பயப்படுதவ, எந்திரிச்சு நின்னு கையத் தட்டுனா. எனக்கு கண்ணுல தண்ணி வந்துட்டு.

அந்த நேரம் எனக்கு நம்ம பயலுவ ஞாபகந்தான் வந்தது. 1944ல இம்பால் சண்டையில நம்ம ஏர்ஃபோர்ஸோட ஒண்ணாம் நம்பர் ஸ்குவாட்ரன் அர்ஜன் சிங் தலைமையில பறந்தது இதே ஹரிக்கேன்லதான். காட்டுக்கும் மலைக்கும் மேல, இதே துணி வாலோட. எங்க தாத்தாவுக்கு கயத்தாறு பக்கந்தான் சொந்த ஊரு, அப்ப எல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லாதானே. சண்டைக் காலத்துல ஃபிளைட்டு சத்தம் கேட்டா ஆடு மேய்க்கிற பயலுவ ஆட்ட விட்டுட்டு ஓடிப்போயி பாப்பாவளாம், சின்னப்பிள்ளைல எங்கள மடியில வச்சுக்கிட்டு சொல்லுவாரு. இப்ப அந்தப் பக்கம் பூராவும் கரண்டு எடுக்குற காத்தாடியா நிக்கி.

நிப்பாட்டி வச்ச ஃபிளைட்டுக்கே ஒரு சக்தி உண்டு. கலாம் ஐயா குரோம்பேட்டை எம்.ஐ.டி.ல படிக்கும்போது அங்க வச்சிருந்த ரெண்டு பழைய ஃபிளைட்ட பாத்துத்தான் விமானப் படிப்புப் பக்கம் மனசு போச்சுன்னு சொல்லியிருக்காரு. நின்ன ஃபிளைட்டே அவ்வளவு பண்ணும்னா பறக்குறது நம்ம பிள்ளைகளுக்கு என்னெல்லாம் பண்ணும்! மகேந்திரகிரில ராக்கெட் இன்ஜின் டெஸ்ட் பண்ணுத ஊரு இது, இந்தப் பிள்ளைக பழைய இன்ஜினையும் பாக்கணும், அதோட எண்ணெய் வாடைய மோந்து பாக்கணும்.

நம்ம ஏர்ஃபோர்ஸ் கிட்டயும் பறக்குற பழைய ஃபிளைட்டு இருக்கு. 2018ல டகோட்டாங்கிற பழைய சரக்கு ஃபிளைட்டு ஒண்ண சரிபண்ணி பரசுராமான்னு பேரு வச்சு சேத்தாவ, 1947 அக்டோபர்ல ஸ்ரீநகர்ல நம்ம பட்டாளத்த கொண்டு இறக்குன அதே டகோட்டா ஜாதி. பைலட்டுக்கு பயிற்சி குடுக்குற பழைய ஹார்வர்டு ஃபிளைட்டும் இருக்கு. 2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினா ஏர்ஷோவுல ரெண்டையும் பறக்க விட்டாவ. அன்னைக்கு வெயில்லயும் நெரிசல்லயும் அஞ்சு உசுரு போனத மறக்கவே கூடாது, தண்ணி, நிழல், போக்குவரத்து எல்லாம் சரியா செஞ்சு, கூட்டத்த பல ஊருக்குப் பிரிச்சு வைக்கிறதுதான் சரின்னு நான் சொல்லுதேன். எல்லாரும் மெட்ராசுக்கே ஏன் போகணும்? வாகைக்குளத்துல உள்ள தூத்துக்குடி ஏர்போர்ட்டுல இப்ப பெரிய ரன்வே வந்துட்டு. மார்கழி தை மாசம், வெயில் தாழ்ந்த நேரமா பாத்து, அந்த டகோட்டாவையும் ஹார்வர்டையும் தெக்க ஒரு தடவ கொண்டு வந்தா நெல்லை, தூத்துக்குடி, தென்காசி பள்ளிக்கூடப் பிள்ளைக எல்லாரும் பாத்துரும்.

உங்க பேப்பர் மூலமா ரெண்டு வேண்டுகோள். ஒண்ணு, இந்த விஷயத்த நம்ம எம்.பி.மார்களும் கலெக்டர்மார்களும் ஏர்ஃபோர்ஸ் காதுல போடணும். இன்னொண்ணு, கயத்தாறு தளத்துல சண்டைக் காலத்துல கூலி வேலை பாத்தவங்க, கல்லு சுமந்தவங்க குடும்பத்துல யாராவது இருந்தா, பெரியவங்க சொன்ன கதையோ பழைய போட்டோவோ இருந்தா அத வாங்கி நீங்க போடணும் அண்ணாச்சி. எங்க தாத்தா சொன்னத நான் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன், கேட்டா தபால்ல அனுப்பி வைக்கேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக்,
பாளையங்கோட்டை.