ஆறில் ஒன்று தொண்டைக்குள் போனது

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நான்கு பக்கம். வீட்டுக்கு வெள்ளையடித்தது, பல் பிடுங்கியது, மருமகள் முழுகாமல் இருப்பது, கொல்லை மாமரத்தில் அணில் தொல்லை என்று மூன்றரைப் பக்கம் போனது. கடைசி அரைப் பக்கத்தில், எழுத்தே சின்னதாகி, "கீழே ரெண்டு மாசமா அரிப்பு. சூடுதான்னு நினைக்கிறேன். யாருக்கும் சொல்லல" என்று ஒரு மூச்சில் எழுதிவிட்டு உடனே மாமரத்துக்குத் திரும்பிவிட்டாய். ஒன்பதாம் வகுப்பில் என் பாவாடையில் கறை பட்ட அன்று, யாருக்கும் தெரியாமல் என் முதுகோடு ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்து வந்தவள் நீ. என்னிடம் என்னடி வெட்கம்?

கேள். போன புரட்டாசியில் எனக்கும் இதே கதைதான். சுகர் ஏறியிருக்கிறது என்று டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை சேர்த்தார், டாபாக்ளிஃப்ளோசின் என்று பெயர். ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றிவிடும். சுகர் இறங்கியது, சரி. ஆனால் சர்க்கரை போகிற வழியெல்லாம் பூஞ்சைக்குப் பந்தி போட்ட மாதிரி ஆயிற்று. மூன்றாவது வாரம் அரிப்பு ஆரம்பித்தது. தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்படுதல், வாடை கிடையாது, சிறுநீர் பட்டால் எரிச்சல். நானும் உன்னை மாதிரியே சூடு என்று முடிவு கட்டினேன். இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல். அதற்கும் அடங்காமல் வெந்நீரில் கிருமிநாசினி ஒரு மூடி ஊற்றிக் கழுவினேன். அன்றைக்கு ராத்திரி நான் பட்டது எனக்கும் அந்தச் சுவருக்கும்தான் தெரியும்.

அப்புறம் மெடிக்கலில் போய்த் தயங்கித் தயங்கி "அரிப்புக்கு" என்றேன். எங்கே என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு டியூப் கொடுத்தான். ரெண்டு நாள் சுகமாக இருந்தது, ஐந்தாம் நாள் இரண்டு மடங்காகத் திரும்பியது. டாக்டரம்மா அந்த டியூபை வாங்கி, கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார். அதில் கிளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு கலந்திருக்கிறதாம். அது அரிப்பை மட்டும் அமுக்கும், அடியில் பூஞ்சை பாட்டுக்கு வளரும். நீயும் ஏதோ டியூப் போடுவதாக எழுதியிருக்கிறாயே, அதன் பெயரைப் பார்த்தாயா? முதலில் நிறுத்து.

டாக்டரம்மா உள்ளேயிருந்து கொஞ்சம் பஞ்சில் தொட்டு எடுத்துக் கீழே லேபுக்கு அனுப்பினார். ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நூல் மாதிரி தெரியுமாம். கேண்டிடா என்று சொன்னார். இது வெளியிலிருந்து வந்த திருடன் இல்லை விஜி, நம்மோடேயே குடியிருக்கிறதுதான். தயிரைத் தோய்க்கிற நுண்ணுயிரின் பங்காளிகள் அங்கே நிறைய இருந்து அதை அடக்கி வைத்திருக்கின்றன. சர்க்கரை கூடினாலோ, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு அந்தப் பங்காளிகள் செத்தாலோ, இது தலை தூக்கும். பல்லுக்காக நீ ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டது எந்த மாதம்? எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருமாம். நாம் இரண்டு பேரும் என்னவோ ஊரிலேயே நமக்கு மட்டும்தான் வந்த மாதிரி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

மருந்து எழுதிக் கொடுத்தார். கிளோட்ரிமசோல் 100 மில்லிகிராம், ஆறு ராத்திரி. கடையில் செய்தித்தாளில் சுற்றி, ஏதோ கடத்தல் சரக்கு மாதிரி நீட்டி, "ராத்திரிக்கு ஒண்ணு, ஆறு நாள்" என்று மட்டும் சொன்னான். வீட்டுக்கு வந்து சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரையோடு அதையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டேன். சிரிக்காதே. நீளமாக, ஒரு பக்கம் கூராக இருந்தது, தொண்டையில் இறங்கவே கஷ்டப்பட்டது. அப்புறம் பெட்டியைத் தூக்கிப் போடப் போகும்போது உள்ளே பிளாஸ்டிக் குழாய் ஒன்று உருண்டது. இது எதற்கு என்று யோசித்தபோதுதான் உறைத்தது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "ஒன்றும் ஆகாது, கொஞ்சம் குமட்டலாம். அது உள்ளே வைக்கிற மாத்திரை. நான்தான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். ஆறில் ஒன்று போச்சு, ஒன்றுக்காக இன்னொரு பெட்டி வாங்கினேன்.

வைக்கிற விதத்தைச் சொல்கிறேன், உனக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். படுக்கப் போகிற நேரத்தில்தான் வைக்க வேண்டும், வைத்துவிட்டு நடமாடினால் வழிந்துவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. குழாயின் முனையில் மாத்திரையைச் செருகு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள். மூச்சை இழுத்துப் பிடிக்காதே, உடம்பு இறுகினால் வலிக்கும். வலிக்காமல் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு உள்ளே விட்டு, பின்னால் இருக்கிற தண்டை அழுத்தினால் மாத்திரை அங்கேயே தங்கிவிடும், குழாயை எடுத்துவிடலாம். முதல் தடவை எனக்குப் பத்து நிமிஷம் ஆனது, கை நடுங்கியது. மூன்றாம் நாள் விளக்கைக்கூடப் போடவில்லை. ஒரு பழைய துணியோ பேடோ வைத்துக்கொள், காலையில் வெள்ளையாகக் கொஞ்சம் வரும்.

ஆனால் எனக்கு வந்தது கொஞ்சம் இல்லை. முதல் இரண்டு நாளும் சாக்பீஸ் உடைத்த மாதிரி துண்டு துண்டாக வெளியே வந்தது. அந்த மாத்திரை கரைவதற்கு உள்ளே ஈரம் வேண்டும். நம் வயதில் அந்த ஈரம் குறைந்துவிடுகிறது இல்லையா, அதுதான் காரணம். இன்னும் ஆழமாக வைத்தும் கரையவில்லை என்று சொன்னதும் அதே மருந்தைக் கிரீமாக மாற்றிக் கொடுத்தார். உனக்கும் அப்படி ஆனால் மருந்து வேலை செய்யவில்லை என்று விட்டுவிடாதே, போய்ச் சொல். மூன்றாம் நாளே அரிப்பு அடங்கியது, ஆனாலும் முழு கணக்கையும் முடித்தேன். மருந்து ஓடுகிறவரை அவரைத் தள்ளிப் படுக்கச் சொல்லிவிட்டேன். கேட்டதற்கு "மருந்து" என்றேன், மறு கேள்வி இல்லை. அவருக்கு அரிப்பு, எரிச்சல் எதுவும் இல்லை என்றால் வைத்தியம் வேண்டியதில்லையாம்.

இதை என் சின்னவளிடம் சொன்னபோது (மைக்ரோபயாலஜி படிக்கிறாளே, அவள்) ஒரு கதை சொன்னாள். மனுஷருக்குப் பயன்பட்ட முதல் பூஞ்சைக்கொல்லிகளில் ஒன்றான நிஸ்டாட்டினைக் கண்டுபிடித்தது எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்று அமெரிக்காவில் இரண்டு பெண்கள். ஒருத்தி நியூயார்க் நகரத்தில், இன்னொருத்தி ஆல்பனியில். ஹேசன் மண்ணிலிருந்து எடுத்து வளர்த்த நுண்ணுயிரைக் கண்ணாடி ஜாடியில் போட்டுத் தபாலில் அனுப்புவாராம். பிரவுன் அதிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்து மறுபடி தபாலில் திருப்பி அனுப்புவாராம். ஹேசனுக்குத் தெரிந்த சிநேகிதர்களின் பால் பண்ணை மண்ணில்தான் கடைசியில் அது கிடைத்தது. 1950இல் அறிவித்தார்கள், நியூயார்க் ஸ்டேட் என்பதைச் சுருக்கிப் பெயர் வைத்தார்கள். காப்புரிமையில் வந்த ஒரு கோடியே முப்பது லட்சம் டாலரில் ஒரு காசுகூட எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். அந்த மருந்தும் அப்புறம் உள்ளே வைக்கிற மாத்திரையாக வந்தது. நீயும் நானும் தபாலில் ஊறுகாய் அனுப்பியதோடு சரி.

நீ சுகர் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது? வெறும் வயிற்றில் ஒரு தடவை பார். துர்வாடை, பச்சை நிறம், அடிவயிற்று வலி, காய்ச்சல் ஏதாவது இருந்தால் இது வேறு, இந்த மாத்திரை கேட்காது. மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்றைக்கே டாக்டரைப் பார். ஒரே வருஷத்தில் மூன்று தடவை வந்தாலும் கடையில் வாங்கி ஓட்டாதே. மருமகளுக்கு இந்தத் தொல்லை இருக்கிறதா என்று மெதுவாகக் கேள், பிள்ளை வயிற்றில் இருக்கும்போது இது சகஜம். அவள் கடையில் கேட்டு விழுங்குகிற மாத்திரை எதுவும் வாங்கிவிடக் கூடாது, பிரசவம் பார்க்கிற டாக்டரையே கேட்கட்டும்.

சனிக்கிழமை பஸ் ஏறி வா. எங்கள் டாக்டரம்மா மாலை ஐந்து மணிக்கு உட்காருவார், நானும் கூட வருகிறேன். அந்த டியூபையும் பையில் போட்டுக்கொண்டு வா. மாங்காய் இருந்தால் நாலு.

உன்,
சரோ