ஊக்கு கொடுத்த அக்காவுக்கு

வைகை எக்ஸ்பிரஸில் திண்டுக்கல்லில் ஏறி திருச்சியில் இறங்கிய அக்கா, உங்கள் பேரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

என் மடியில் இருந்தது மேஜை விரிப்புக்கான குரோஷா வட்டம், கொக்கி ஊசியால் நூலில் பின்னுவது. ஐந்தாம் சுற்றிலேயே ஓரம் தூக்கிக் கிண்ணமாகியிருந்தது. நூல்தான் சரியில்லை என்று நினைத்தேன். நீங்களாகவே வாங்கி, நகத்தால் கண்ணிகளை எண்ணினீர்கள். 30 இருக்கவேண்டிய இடத்தில் 26.

ஒற்றைப் பின்னலில் (single crochet) தட்டை வட்டம் என்றால் சுற்றுக்கு 6 கண்ணி கூடவேண்டும்: 6, 12, 18, 24, 30. குறைந்தால் கிண்ணம், மிஞ்சினால் சேலைக் கொசுவம். சுற்று எங்கே தொடங்கியது என்று தெரியாததுதான் என் கோளாறு. 18 கண்ணி வரை பிரித்துவிட்டு, வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி அடுத்த சுற்றின் முதல் கண்ணியில் மாட்டினீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அதை மேலே ஏற்றவேண்டும், கூட்டும் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் வட்டம் அறுகோணமாகிவிடும், இடம் மாற்றிப் போடு என்றீர்கள். (இதை எந்தப் புத்தகத்திலும் நான் கவனித்ததில்லை.)

ரொம்ப நன்றி அக்கா. இப்போது 14ஆம் சுற்று, 84 கண்ணி. தரையில் தட்டையாகக் கிடக்கிறது. உங்கள் ஊக்கு அதிலேதான் இருக்கிறது.