கிளிக்கு ஏன் மிளகாய் காரமில்லை

அன்புள்ள கண்ணம்மா,

இங்கே எல்லாரும் சௌக்கியம். "கிளி மட்டும் மிளகாயைத் தின்னுட்டு அழவே மாட்டேங்குதே, ஏன்?" என்று பாப்பா கேட்டதாக நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். "பெரியவளானா தெரியும்" என்று அவளிடம் சொல்லிவிடாதே. இப்போதே சொல்லலாம்.

காரம் ஒரு சுவையே இல்லை. இனிப்பையும் புளிப்பையும் அறிவது நாக்கின் சுவை மொட்டுகள். காரத்தை அறிவதோ சூட்டையும் வலியையும் உணர்கிற நரம்பு முனைகள். அவற்றின் சவ்வில் டிஆர்பிவி1 என்றொரு புரதம், கதவு மாதிரி இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது திறக்கும். சோடியம், கால்சியம் அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட அணுக்கள், உள்ளே பாயும். உடனே நரம்பில் மின்துடிப்பு கிளம்பி மூளைக்கு ஓடும். மிளகாய்க்குக் காரம் தருகிற கேப்சைசின் என்ற பொருள் அதே கதவில் ஒட்டிக்கொண்டு, சூடே இல்லாமல் அதைத் திறந்துவிடுகிறது. மூளைக்கு வந்து சேருவது துடிப்பு மட்டும்தான். திறந்தது நெருப்பா மிளகாயா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் "வாய் எரியுது" என்கிறோம். 1997-ல் இதைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸுக்கு 2021 மருத்துவ நோபலில் பங்கு கிடைத்தது.

பறவைகளுக்கும் இந்தப் புரதம் உண்டு. சூட்டுக்குத் திறக்கவும் செய்யும். ஆனால் அமைப்பில் சின்ன வித்தியாசம். கேப்சைசின் அதை அசைப்பதில்லை. கோழியின் புரதத்தை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஆக, கிளி பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில்லை. அதற்கு எரியவே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அமெரிக்கக் கண்டத்து ரத்தக்காட்டேரி வௌவால். அதன் மூக்கில் இதே புரதத்தின் குட்டை வடிவம் இருக்கிறது, 30 டிகிரியிலேயே திறந்துகொள்ளும். இருட்டில் மாட்டின் தோலுக்கடியில் ரத்தம் எங்கே ஓடுகிறது என்று அந்த மூக்கு கண்டுபிடித்துவிடும். அதே மாட்டின் மேல் நாம் கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது என்பதோடு சரி.

பாப்பாவுக்கு மறுபடி காரம் பட்டால் தண்ணீர் கொடுக்காதே, கேப்சைசின் அதில் கரையாது. தயிர் கொடு. அப்புறம், ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய் வாங்கி வை. முதலில் அவள் கையால் தொட்டுப் பார்க்கட்டும், ஜில்லென்று இருக்காது. பிறகு வாயில் போடச் சொல். குளிருக்கும் இப்படி ஒரு கதவு இருக்கிறது என்பதை, அவள் ஏன் என்று கேட்ட பிறகு சொல்.

அன்புடன்,
அப்பா